முக்கால் டேங்க் அக்கா

குக்கர் உஸ்ஸென்று மூச்சு விட ஆரம்பித்ததுமே, விசில் வருவதற்குள் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுகிற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். "பாவம், எப்படிக் கத்துது பாரு" என்பார் அக்கா. அதனால் அந்த வீட்டில் பருப்பு ஒரு நாளும் ஒழுங்காக வெந்ததில்லை. நானும் அவருடைய கணவரும் எதிரெதிரே உட்கார்ந்து, பல்லில் நறுக்கென்று அகப்படுவதை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மென்று விழுங்குவோம். பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் அக்காவுக்கு வருத்தமாகிவிடும்.

அவர் எனக்கு உறவெல்லாம் இல்லை. முதலாளி. திருவான்மியூரில் கடற்கரைப் பக்கம் போகிற குறுக்குத் தெருவில் வீடு. ஒரு தண்ணீர் லாரி வைத்திருந்தார்கள். அதை ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்கு நெஞ்சுவலி வந்ததும் டிரைவராக நான் சேர்ந்தேன். சித்தாலப்பாக்கம் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்து, அடையாறு, மயிலாப்பூர் அடுக்குமாடி வீடுகளின் தொட்டியில் இறக்க வேண்டும். முதல் நாள் "மேடம்" என்று கூப்பிட்டேன். "அக்கான்னு கூப்பிடு தம்பி, மேடம்னா என்னமோ அதட்டுற மாதிரி கீது" என்றார். எதிலும் ஓர் அதட்டலோ அழுத்தமோ கூடாது அவருக்கு. மின்விசிறி எந்தக் கோடையிலும் இரண்டாம் எண்ணைத் தாண்டாது. துவைத்த துணியை முறுக்கிப் பிழிய மாட்டார், அப்படியே சொட்டச் சொட்டக் கொடியில் போடுவார். கொடிக்குக் கீழே போகிறவர்கள் குடை பிடித்துக்கொண்டு நடப்பதாக நான் கிண்டல் செய்வேன். "துணி நைஞ்சு போய்டும்பா, அதுக்கும் ஒரு உசுரு கீதுல்ல" என்பார். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினார்.

பழைய லாரி ஓய்ந்துபோய், கணவரும் காலமாகி, அதன் பிறகுதான் அக்கா புது லாரி எடுத்தார். இருந்த நகையெல்லாம் அதில் போயிற்று. பிள்ளைகள் கிடையாது. இனி அவர் சாப்பிடுவதும் நான் சாப்பிடுவதும் அந்த வண்டி ஓடுவதில்தான் இருந்தது. முன்கண்ணாடிக்கு மேலே கணவர் பெயரையும் அதற்குக் கீழே "மருந்தீஸ்வரர் துணை" என்றும் எழுதச் சொன்னார். கோயில் வாசலில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது, "மெள்ள ஏத்து தம்பி" என்றார். எலுமிச்சம்பழத்தின் மேல் மெள்ள ஏற்றுவது எப்படி என்று குருக்களும் நானும் விழித்தோம்.

வண்டியைக் கையில் கொடுக்கும்போது ஷோரூம் பையன் நன்றாகத்தான் விளக்கிச் சொன்னான். "புது இன்ஜின்மா. முதல் சர்வீஸ் வரைக்கும் கொஞ்சம் பாத்து ஓட்டச் சொல்லுங்க. ஓவர்லோடு வேணாம், ரொம்ப விரட்ட வேணாம். அதுக்காக ரொம்ப மெதுவாவும் உருட்டிக்கிட்டே இருக்கக் கூடாது. ஏத்தி இறக்கி ஓட்டணும். சும்மா நிறுத்திவெச்சு ரொம்ப நேரம் இன்ஜினை ஓடவிடாதீங்க. அப்புறம் தாராளமா வேலை வாங்கலாம்." இத்தனையில் அக்கா காதில் விழுந்தது "கொஞ்சம் பாத்து" என்ற இரண்டே வார்த்தை. அவர் அதற்கு வாழ்நாள் முழுதும் காத்திருந்தவர் போலத் தலையாட்டினார். 

காலையில் நான் வண்டியைக் கிளப்பினால் உடனே எடுக்க விட மாட்டார். "கண்ணு முழிக்கட்டும் தம்பி, அதுக்குள்ள காபி குடி." நான் காபி குடித்து, பேப்பர் பார்த்து, எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தி, மறுபடி திறந்து என்னைத் திட்டுகிற வரைக்கும் இன்ஜின் நின்ற இடத்தில் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அக்காவும் ஏறிப் பக்கத்து சீட்டில் உட்காருவார். ஆமாம், கூடவே வருவார். வலது கையை டேஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டு, ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல வழி நெடுக வருவார். நான் ஆக்சிலேட்டரை ஒரு விரல்கடை கூட அழுத்தினால், "மெள்ள, தம்பி, மெள்ள."

கிணற்றடியில் முழு டேங்க் நிரப்ப விட மாட்டார். குழாயைத் தூக்குங்கள் என்று முக்காலிலேயே கைகாட்டிவிடுவார். முக்கால் தண்ணீருக்குக் காசும் முக்கால்தான் வாங்குவார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அங்கே வரிசையில் நிற்கிற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர்தான் முக்கால் டேங்க். "இன்னா மச்சி, முக்கா டேங்க் வந்துக்கீதா இன்னிக்கு?" என்று என்னிடம் கேட்பார்கள்.

டேங்க் லாரி ஓட்டியவர்களுக்குத் தெரியும், முழு டேங்கை ஓட்டிவிடலாம், காலி டேங்கை ஓட்டிவிடலாம், அரையும் முக்காலும்தான் ஆளைக் கொல்லும். உள்ளே இடமிருப்பதால் தண்ணீர் முன்னும் பின்னும் அலைபாயும். பிரேக் போட்டால் பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல வண்டி ஒரு முழம் முன்னால் போய்த்தான் நிற்கும். அப்படி ஒவ்வொரு சிக்னலிலும் குலுங்கும்போது அக்கா என்னைப் பார்த்து, "பாத்தியா, முக்காலுக்கே இப்படித் தத்தளிக்குது. முழுசா ஏத்தியிருந்தா இன்னா ஆவறது?" என்பார். முழுசாக ஏற்றினால்தான் குலுங்காது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார். மறுநாளும் முக்காலில் கைகாட்டினார்.

எண்ணெய் விஷயம் இதைவிடப் பெரிய கூத்து. கம்பெனியில் ஊற்றிக் கொடுத்த எண்ணெய் மலிவாக இருக்கும் என்று அவருக்கு ஒரு சந்தேகம். முதல் சர்வீஸுக்கு இன்னும் நாளிருக்கிறது. என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி மயிலாப்பூர் வந்தார். கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பாய் ஒருவர் எண்ணெய்க் கடை வைத்திருந்தார். முன்னாள் லாரி மெக்கானிக். ரிப்பேர் வேலையை விட்டுவிட்டுக் கடையோடு உட்கார்ந்துவிட்டவர். அக்கா அங்கிருந்த டப்பாக்களில் மாதிரிக்கு ஒவ்வொரு சொட்டாக உள்ளங்கையில் விடச் சொல்லி, தேய்த்து, மோந்து பார்த்தார்.

"இதுல எது ரொம்ப வழவழப்பு?"

"லாரிக்குத்தானம்மா? கம்பெனி இன்னா நம்பர் சொல்லிக்கீதோ அதைத்தான் போடணும். இப்போ அதுகூட வேணாம். உள்ள கீற எண்ணெய முதல் சர்வீஸ் வரைக்கும் தொடாதீங்க."

"விலை ஜாஸ்தியானாலும் பரவால்ல பாய். நல்லதா, ஒசத்தியா குடு."

பாய் பொறுமைசாலி. விரலை விரலோடு உரசிக் காட்டினார். "ஒசத்திதான் கீது. ஆனா புது இன்ஜின் கொஞ்சம் உரசணும்மா. உரசி உரசித்தான் பிஸ்டன்ல கீற ரிங்கு சிலிண்டரோட ஒட்டி உக்காரும். ரொம்ப வழவழன்னு ஊத்திக்கினு, நீங்க மெள்ளமாவும் ஓட்டினா அது எப்போ உக்கார்றது?"

"உரசினா தேயாதா?"

"தேயணும். அதுக்குத்தான் சொல்றேன்."

அக்கா உள்ளங்கையிலிருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தேஞ்சு தேஞ்சுதான் எங்க வூட்டுக்காரர் போய்ச் சேந்தாரு. இன்னொண்ணு தேயறத என்னால பாக்க முடியாது பாய்."

அதற்கு மேல் எந்தக் கடைக்காரரால் என்ன பேச முடியும்?  பாய் எழுந்துபோய், இருப்பதிலேயே விலை உயர்ந்த டீசல் இன்ஜின் எண்ணெய் டப்பாவை எடுத்து வந்து வைத்தார். அன்றைக்கே கம்பெனி எண்ணெயை இறக்கிவிட்டு அதை ஊற்றினோம்.

அந்தக் கணவர் எப்படித் தேய்ந்தார் என்பது எனக்குத் தெரியும். வைத்தியம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தினமும் நடக்கச் சொல்லித்தான் அனுப்பினார். "கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி நடங்க" என்றார். அந்த "மூச்சு வாங்குற மாதிரி"யைக் கேட்டதும் அக்காவின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அந்த மனிதர் அதில் உட்கார்ந்தார். தண்ணீர் டம்ளரும் அங்கேயே வரும், செருப்பும் அங்கேயே வரும். எழுந்து கேட் வரை போனால், "எதுக்கு, எதுக்கு, நான் பாத்துக்குறேன்" என்று அக்கா ஓடி வருவார். பத்தடியில் கடல். காற்று வரும், அலைச் சத்தம் வரும், அவர் மட்டும் அங்கே போக முடியாது.

ஒரு சாயங்காலம் அக்கா கோயிலுக்குப் போன சமயம், "தம்பி, என்னை ஒரு வாட்டி பீச்சுக்கு இட்டுக்கினு போயேன்" என்று கேட்டார். கூட்டிப்போனேன். மணலில் அவர் நடந்தார். கால் புதையப் புதைய, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நடந்தார். வேர்த்துக் கொட்டியது. "நல்லாக்கீதுடா" என்றார். அப்போதுதான் அக்கா வந்து சேர்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். மணலில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். கணவர் நடையை நிறுத்திவிட்டு வந்து, "சரிடி, இனிமே போவல, எழுந்திரு" என்றார். அதன் பிறகு அவர் என்னைக் கேட்கவே இல்லை. நாற்காலியிலேயே கால் வீங்கி, ஆள் சுருங்கி, ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார். அக்காவைவிட நன்றாக ஒரு மனைவி புருஷனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தெருவே சொன்னது. நானும் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது, அதுவும் உண்மைதானே.

லாரிக்கு வருகிறேன். முதல் சர்வீஸ் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது, அக்காவின் "கொஞ்சம் பாத்து" மட்டும் முடியவில்லை. சில மாதங்களில் எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியை எடுத்தால் கோட்டுக்குக் கீழேதான் ஈரம் இருந்தது. ஊற்றினால் மறுபடி குறைந்தது. கீழே ஒழுகவும் இல்லை. பிறகு பின்னால் நீலப்புகை வர ஆரம்பித்தது. சின்ன ஏற்றத்துக்கே வண்டி திணறியது. அக்கா அதைப் பார்த்து, "உடம்புக்கு முடியல பாவம்" என்று முக்காலை அரை டேங்க் ஆக்கினார். கம்பெனி சர்வீஸில் போய் நின்றோம். நடுவில் வெளி எண்ணெய் மாற்றியிருக்கிறீர்கள், நாங்கள் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

நான் மயிலாப்பூர் பாயைக் கெஞ்சி, ஸ்கூட்டரில் வரவழைத்தேன். புகைக்குழாயில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். ஓடவிட்டுக் காது கொடுத்தார். "நான் சொன்னதேதாம்மா. ரிங்கு இன்னும் உக்காரவே இல்ல. சிலிண்டர் சுவரு கண்ணாடி மாதிரி ஆயிப்போச்சு. எண்ணெய் அதுல வழுக்கிக்கினு மேல ஏறி எரியுது."

"இன்னா பண்ணணும் பாய், சொல்லு. என்ன வேணா பண்றேன்."  அந்த வண்டி நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

"சாதா எண்ணெய் ஊத்துங்க. முழு டேங்க் ஏத்துங்க. மேம்பாலத்துல நல்லா மிதிச்சு, இழுக்க வெச்சு, நாலு நாள் வேலை வாங்குங்க. அல்லா புண்ணியத்துல உக்காந்துரும். இல்லன்னா இன்ஜினைக் கழட்டி, உள்சுவரைச் சுரண்டித்தான் ஆவணும்."

சுரண்டணும் என்றதும் அக்கா தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சரி, முதலில் சொன்னதையே செய்யலாம் என்று ஒத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாதா எண்ணெய் வாங்கி மாற்றினோம். மறுநாள் கிணற்றடியில் குழாய்த் தண்ணீர் முக்காலைத் தாண்டி நிரம்பி வழிகிற வரைக்கும் அவர் கையைத் தூக்கவில்லை. கையைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றார். டிரைவர்கள் கைதட்டினார்கள்.

மேடவாக்கம் மேம்பாலத்தின் அடியில் வந்ததும், "கண்ணை மூடிக்கங்கக்கா" என்றேன். மூடிக்கொண்டார். கியரைப் போட்டு, காலை அழுத்தினேன். லாரி முதல் தடவையாக வாயைத் திறந்தது. நான் எத்தனையோ வண்டி ஓட்டியிருக்கிறேன், பாரத்தோடு இழுக்கிற இன்ஜினின் சத்தத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். பின்னால் குபுகுபுவென்று புகை, கேபின் முழுக்க அதிர்வு, ஆனாலும் வண்டி இழுத்தது, ஏறியது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே மிதித்தேன்.

பாதி ஏற்றத்தில் அக்கா கண்ணைத் திறந்தார். டேஷ்போர்டில் இருந்த கையை எடுத்து, கியரைப் பிடித்திருந்த என் கையின் மேல் வைத்தார்.

"விட்டுரு தம்பி. கெஞ்சுது பாரு."

"இன்னும் கொஞ்சம்தாங்க்கா. பாலம் ஏறிடட்டும்."

"விட்டுருப்பா. அதுக்கு வலிக்குது."

திரும்பிப் பார்த்தேன். மணலில் உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே முகம். முந்தானை வாயில் இருந்தது. நான் காலை எடுத்துவிட்டேன். பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க, நாங்கள் சின்ன கியரில் ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைத் தாண்டினோம்.

அவரை விட்டுவிட்டு நீ தனியாகப் போய் மிதித்திருக்கலாமே என்று என் மனைவி கேட்பாள். வண்டிச் சாவி அக்காவின் முந்தானை முடிச்சில் இருந்தது என்று சொல்லுவேன். அது பாதிதான் உண்மை. அந்த அழுகையை மூன்றாம் தடவை பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. கெட்டவர்களை எதிர்க்கலாம், சண்டை போடலாம், வேலையை விட்டுவிட்டுக்கூடப் போகலாம். இவரை என்ன செய்வது?

அந்தக் கோடையில் ஊருக்குள் வீட்டுக் கிணறுகள் வற்றி, ஜனங்கள் தண்ணீருக்கு ஆலாய்ப் பறந்தார்கள். லாரி ஓட்டியவர்கள் சம்பாதித்தார்கள். நாங்கள் அரை டேங்கோடு, புகை விட்டுக்கொண்டு போய் நின்றோம். அடையாற்றில் எங்களுக்கு நெடுநாள் வாடிக்கையான அடுக்ககத்தின் செயலாளர் மாமி நல்லவர்தான். அவரே கேட்டை மறித்து நின்றுவிட்டார். "கோவிச்சுக்காதேப்பா. அரை டேங்க் தண்ணியை வச்சுண்டு நான் எந்த ஆத்துக்குன்னு விடுவேன்? இந்தப் புகையில குழந்தைகள் எல்லாம் இருமிண்டு இருக்கு. வேற லாரிக்குச் சொல்லிட்டேன்." ஒன்றன்பின் ஒன்றாக எல்லா வாடிக்கையும் போயிற்று. லாரி வீட்டு வாசலில் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலி இருந்த இடத்துக்கு நேர் எதிரே. அக்கா தினமும் அதைத் துடைத்தார், தினமும் கிளப்பிச் சும்மா ஓடவிட்டார். கடைசியில் பள்ளிக்கரணைப் பக்கத்து ஆள் ஒருவருக்கு, வந்த விலைக்கு விற்றார். வாங்கியவரிடம் சாவியைக் கொடுக்கும்போதும், "கொஞ்சம் பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்றார். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சரி சரி என்றார்.

நான் கல்லூரிப் பஸ் ஓட்டப் போய்விட்டேன். அக்கா லாரி நின்ற இடத்தை வாடகைக்குக் கார் நிறுத்த விட்டு, அதில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல நாள் பெரிய நாளில் போய்ப் பார்ப்பேன். அதே வேகாத பருப்பு. எதிரே ஆளில்லாததால் தலைகுனிந்து சாப்பிட்டுவிட்டு வருவேன்.

போன வாரம் திருவான்மியூர் பஸ் நிலையத்துக்கு வெளியே அக்கா காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். பையை வாங்கிக்கொண்டு, ரோட்டைக் கடக்கப் பக்கத்தில் நின்றேன். அப்போது அந்த லாரி வந்தது. இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது. கணவர் பெயரை அழித்துவிட்டார்கள். "மருந்தீஸ்வரர் துணை"யில் கை வைக்கப் பயந்து அப்படியே விட்டிருந்தார்கள். டேங்க் நிரம்பி, மூடி வழியாகத் தண்ணீர் இரண்டு பக்கமும் கொட்டிக்கொண்டு வந்தது. ஓட்டியவன் சின்னப் பயல், ஈவு இரக்கமில்லாமல் மிதித்தான். சிக்னல் மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்று உறுமிக்கொண்டு எங்களைத் தாண்டியது.

நான் புகைக்குழாயைப் பார்த்தேன். புகை இல்லை. நீலமும் இல்லை, ஒன்றும் இல்லை. திக்கல் திணறல் இல்லாமல், ஒரே சீரான, வயிறு நிறைந்த சத்தம். எத்தனை பாரத்தை ஏற்றி எத்தனை பாலத்தில் மிதித்தார்களோ, ரிங் உட்கார்ந்துவிட்டது.  சொல்லிவிடலாம் என்று அக்கா பக்கம் திரும்பினேன்.

அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் நிரம்பியிருந்தது.

"எப்படிப் போட்டு வதைக்கிறானுங்க பாத்தியா தம்பி? கத்திக்கினே போவுது. நம்மகிட்ட இருந்தப்ப அது ஒரு நாளாவது இப்படிக் கத்தியிருக்குமா?"

"இல்லக்கா" என்றேன். "ஒரு நாள்கூடக் கத்தினதில்ல."